‘வைரஸ் இல்லை’ என்று நாங்களே எழுதிக்கொண்ட கதை

போன வாரம் தினேஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவன். கெட்டிக்காரன்தான், ஆனால் எதைப் பற்றிப் பேசினாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றுதான் ஆரம்பிப்பான். தொழிற்சாலையின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். அந்தக் காலத்தில் மெயிலில் வைரஸ் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்களாம்.

"நீங்க பட்ட கஷ்டத்த எழுதுங்க மேடம். இப்ப அதெல்லாம் ஒண்ணுமில்ல. பூட்டுக் குறி இருக்குதான்னு பாத்தா போதும், சேஃப்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பூட்டுக் குறியாம்! அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டியே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். விவரங்களை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லித் தினேஷ் போனை வைத்துவிட்டான். நான் பேனாவை எடுத்துவிட்டேன். மலரில் போடுகிறார்களோ இல்லையோ, எழுதிவிட்டால் எனக்காவது ஆறும்.

என் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. டைப்பிங் ஹையர் முடித்துவிட்டு ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைப் பெங்களூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் ‘இ.டி.பி.’ என்று பலகை மாட்டிய கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்தார்கள். தொழிற்சாலையில் ஏ.சி. ஓடிய இரண்டாவது அறை அது. சித்திரை வெயிலில் எல்லா இலாகாக்காரர்களுக்கும் என்னிடம் ஏதாவது ஒரு வேலை இருக்கும். பிரிண்டர் ஓடவில்லை என்பது முதல் மகன் ஜாதகத்தை அடித்துத் தர முடியுமா என்பது வரை எல்லாம் கேட்டார்கள். அதுவும் சேர்ந்ததுதான் என் உத்தியோகம்.

ஏ.சி. ஓடிய முதல் அறை மூர்த்தி சாருடையது. ஜெனரல் மேனேஜர். கன்னடக்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருவார், இருட்டுவதற்குள் எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிவிட வேண்டும் என்று போய்விடுவார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பாகம் விரிசல் விட்டு வந்தால் ஃபோர்மேன் முதல் ஆபரேட்டர் வரை எல்லோரையும் வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்திவிடுவார். "ஏன் விரிஞ்சுது?" என்பார். பதில் வந்தால் அதற்கு ஒரு "ஏன்?" போடுவார். அதற்கும் பதில் வந்தால் அதற்கும் ஒன்று. வேர் தட்டுப்படும் வரை விடமாட்டார். இதற்கு எங்கள் தொழிற்சாலையில் ‘ஒய்-ஒய்’ என்று பெயர். யாராவது பயந்து போய் "ஆபரேட்டர் கவனக்குறைவு சார்" என்று எழுதினால் உள்ளங்கையாலேயே அழித்துவிடுவார். "ஆளைத் திட்டினா பார்ட் சரியாகுமா? சும்னே ஆள் பேர எழுதாதே. அவன் ஏன் அப்படிப் பண்ணான், அத்த எழுது" என்பார். மை படிந்த அந்த உள்ளங்கையை நான் மதித்தேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வருவதெல்லாம் அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல்தான்.

பிரஸ் ஷாப்பில் அவ்வளவு பொறுமைசாலியான மனிதருக்குக் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் ஒரு நிமிடம்கூடக் காது கொடுக்க முடியாது. நான் வாயைத் திறந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். "ஒன் லைன்ல சொல்லு விஜயா. ஆகுதா, ஆகலையா?" என்பார். ஆகுமா ஆகாதா என்பது பல வரிகளைப் பொறுத்தது என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் கடிகாரம் மறுபடி கைக்கு ஏறிவிடும்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஆன்டிவைரஸ் போட்டிருந்தோம். அதில் மெயிலைக் காவல் காக்கும் ஒரு பகுதி உண்டு. மெயில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வழியிலேயே பிரித்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் அடியில் ஒரு வரியைச் சேர்க்கும்: இந்த மெயில் பரிசோதிக்கப்பட்டது, வைரஸ் எதுவும் இல்லை, வைரஸ் பட்டியலின் தேதி இன்னது. அவ்வளவுதான். ஆனால் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் ஒருமுறை அந்த வரியைப் பார்த்து "பரவாயில்லையே, நல்ல சிஸ்டம் வச்சிருக்கீங்க" என்று மூர்த்தி சாரிடம் சொல்லிவிட்டார். அன்று முதல் அந்த வரிக்கு மவுசு ஏறிவிட்டது. ஆயுத பூஜைக்குப் பிரஸ் மெஷினில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதுபோல, மெயிலின் காலில் வரி தொங்கியாக வேண்டும்.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், எங்களுக்கு மெயில் வசதி கொடுத்துவந்த பெங்களூர்க்காரர்கள் ஒரு அறிவிப்பு அனுப்பினார்கள். இனிமேல் மெயில் எல்லாம் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் போகும், வரும். மெயில் மென்பொருளில் ‘பாதுகாப்பான இணைப்பு’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடிக்காதவர்களுக்கு மெயில் வராது. நல்ல விஷயம்தான். வழியில் யாரும் கடிதத்தைப் பிரித்துப் படிக்க முடியாது. நான் ஒவ்வொரு மேஜையாகப் போய் டிக் அடித்துவிட்டு வந்தேன்.

வரி காணாமல் போனது.

இரண்டாம் நாளே கூப்பிட்டுவிட்டார். "லைன் எங்கம்மா?"

நான் விளக்கினேன். வழியில் யாருமே பார்க்க முடியாதபடி பூட்டினால் ஆன்டிவைரஸும் பார்க்க முடியாது. அதன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் குழப்பிவிட்ட எழுத்துகள். பார்க்க முடியாததால் அது சும்மா இருக்கிறது, வரியும் போடவில்லை. பொய் சொல்லத் தெரியாத மென்பொருள் சார் அது, என்றேன்.

கடிகாரம் மேஜைக்கு வந்தது. "ஒன் லைன்ல."

"மெயில் ஸ்கேன் ஆகல சார்."

"அதான் தெரியுதே, லைன் இல்லையே. லைன் வர்றாப்ல பண்ணு."

ஆன்டிவைரஸ் விற்றவர்கள் மஞ்சுநாத் என்ற சர்வீஸ்காரரை அனுப்பினார்கள். வந்தார், டீ குடித்தார். "ஏனு ஆகல்ல மேடம்" என்றார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். மெயிலில் நழுவினாலும் கோப்பைத் திறக்கும்போது இன்னொரு காவல் பிடித்துக்கொள்ளும், கவலைப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் எங்கள் டெஸ்பாட்ச் செக்ஷனில் அந்த இன்னொரு காவலை நிறுத்தி வைத்திருந்தோமே! அது ஓடினால் பழைய கம்ப்யூட்டர்கள் நத்தையாகின்றன, லாரி வாசலில் நிற்கும்போது பில் வரவில்லை என்று மூர்த்தி சார்தான் நிறுத்தச் சொன்னார். அங்கே மெயில் காவல் ஒன்றுதான் காவல். இப்போது அதுவும் குருடு.

மஞ்சுநாத் போன பிறகு அவர் விட்டுப்போன புத்தகத்தைப் புரட்டி வழியை நானே தேடினேன். வழி இருந்தது. ஆனால் அதைக் கேட்டால் எவருக்கும் தலை சுற்றும். மெயில் மென்பொருளில் ‘பாதுகாப்பான இணைப்பு’ டிக்கை எடுத்துவிட வேண்டும். சர்வரின் பெயர் இருக்கும் இடத்தில் நம்முடைய கம்ப்யூட்டரின் சொந்த எண்ணையே போட வேண்டும். சர்வரின் உண்மையான பெயரையும் பூட்டு வழியின் எண்ணையும் ஆன்டிவைரஸிடம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு சர்வரோடு பூட்டுப் போட்டுப் பேசுவது ஆன்டிவைரஸ். அது மெயிலை வாங்கி, பிரித்துப் பார்த்து, சுத்தமானால் அதே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெயில் மென்பொருளுக்குக் கை மாற்றும். வெளியே போகும் மெயிலுக்கும் அப்படியே. பூட்டும் இருக்கும், சோதனையும் நடக்கும்.

என் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். இதற்கென்றே ஒரு சோதனைக் கோப்பு உண்டு. ஒரு தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டது. காவலை நிறுத்தி வைத்த ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து அதை எனக்கே அனுப்பினேன். டிக் இருந்தபோது மாப்பிள்ளை மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தது. டிக்கை எடுத்துப் புது வழியில் வாங்கியபோது வாசலிலேயே பிடிபட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நேராக மூர்த்தி சார் அறைக்குப் போனேன்.

"சார், வழி கெடச்சிருச்சு. எல்லா மெஷின்லயும் அந்த செக்யூர் டிக்க எடுத்துடணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செக்யூரிட்டிக்காக செக்யூரிட்டிய எடுக்கணுமா?"

"எடுக்கல சார், எடம் மாத்தறோம். டிக்குங்கறது..."

"ஆடிட்டர் வந்து அந்த டப்பாவுல டிக் இல்லாததப் பாத்தா நான் என்ன சொல்றது? இந்தக் கதையா?"

கதையாம். மூன்று நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது கதையாம். தரச் சான்றிதழுக்கான ஆடிட் வர இருந்தது; அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அடுத்து வந்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லா இலாகாவுக்கும் பொதுவாக ஒரு உத்தரவு போட்டார்: "ஆடிட் வருது. எல்லா மெயில்லயும் அந்த லைன் இருக்கணும். ஆயித்தா?"

ஆயித்து, அதாவது ஆச்சு. புதன்கிழமைக்குள் எல்லா மெயிலிலும் வரி வந்துவிட்டது. நான் பார்த்துப் பார்த்துத் திகைத்தேன். யாரும் என்னிடம் வரவில்லை, எந்த அமைப்பையும் மாற்றவில்லை, வரி மட்டும் எப்படி வந்தது? அப்புறம் கேன்டீன் கான்ட்ராக்டர் இட்லி மாவு விஷயமாக ஒரு மெயில் அனுப்பினார். அதன் காலிலும் ‘வைரஸ் எதுவும் இல்லை’ என்று இருந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸே கிடையாது. அப்போதுதான் உறைத்தது. பழைய மெயில் ஒன்றிலிருந்து அந்த வரியை நகல் எடுத்து, பெயரும் பதவியும் தானாக வருகிற கையெழுத்துப் பகுதியில் எல்லோரும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து மேஜையில் கறிவேப்பிலை கேட்பதுபோல ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியிருக்கிறார்கள். எல்லோருடைய வரியிலும் ஒரே பழைய தேதி.

தலையில் அடித்துக்கொண்டு மூர்த்தி சாரிடம் ஓடினேன். "சார், யாரும் ஸ்கேன் பண்ணல. கையில டைப் அடிச்சு வச்சிருக்காங்க. ஃபோர்மேன் பாக்காமலே பார்ட்டு மேல ஓ.கே. ஸ்டாம்ப் குத்தறாப்ல சார் இது."

"லைன் வந்துடுச்சில்ல?"

"லைன் வந்திருக்கு. ஸ்கேன் வரல."

"ஆடிட் முடியட்டும் விஜயா" என்றார், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே.

அடுத்த நாள் டெஸ்பாட்ச் பக்கம் போனேன். அங்கே ரேவதி இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், தற்காலிக வேலையில் இருந்தாள். லாரி கிளம்பியதும் என்னென்ன பாகம் எத்தனை வருகிறது என்று எக்செல் கோப்பில் அடித்து வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புவது அவள் வேலை. அந்த மெயில் போய்ச் சேராவிட்டால் அங்கே லாரியை உள்ளே விடமாட்டார்கள். மூக்கண்டப்பள்ளியில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள். வேலை நிரந்தரமாகும் வரைதான் ஓசூர், ஆகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது அவள் அப்பாவின் பேச்சு. மாப்பிள்ளை அங்கே தயாராக இருந்தார். இவள் தயாராக இல்லை. நிரந்தரம் செய்யும் உத்தரவு அந்த மாதம் வர வேண்டியது.

அவள் மெயிலில் இருந்த வரியைப் பார்த்தேன். மற்றவர்களுக்கெல்லாம் பழைய தேதி, இவளுக்கு மட்டும் இன்றைய தேதி.

"இது எப்படி ரேவதி இன்னிக்கித் தேதி வந்துச்சு?"

"நான்தேன் தெனமும் மாத்துறேன்க்கா" என்றாள், பெருமையாக. "கேட்டுல சேஃப்டி போர்டுல காலைல வந்ததும் செக்யூரிட்டி அண்ணே தேதிய அழிச்சு எழுதுறாகள்ல? அதே மாதிரி. பழைய தேதியாக் கெடந்தா நல்லாவா இருக்கு?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒழுங்கான பிள்ளை. ஒழுங்கே வினையாகும் என்று யார் கண்டார்கள்! இதை எடுத்துவிடு, இது மெஷின் சொல்ல வேண்டிய வார்த்தை, நாம் சொல்லக்கூடாது என்றேன். "பெரிய சார் போடச் சொன்னாகளேக்கா, எடுத்தா வைய மாட்டாகளா?" என்றாள். நிரந்தர உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒருத்தியிடம் ஜெனரல் மேனேஜர் சொன்னதை மீறு என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஆடிட் வந்தது, வரியைப் பார்த்தது, போனது. மூர்த்தி சார் பெங்களூர் அலுவலகத்துக்கு இரண்டு நாள் போய்விட்டார். அவர் திரும்பி வந்து என் டிக்கைப் பற்றி யோசிப்பதற்குள் வினை வந்துவிட்டது. வாடகைக் கட்டணம் திருத்தியது என்று ஒரு லாரி ஆபீஸ் ரேவதிக்கு எக்செல் கோப்பு அனுப்பியிருந்தது. அதற்குள் ஒரு மேக்ரோ வைரஸ். பூட்டுப் போட்ட வழியில் ராஜ மரியாதையோடு வந்தது. அவள் திறந்தாள். அன்றிலிருந்து அவள் அடித்த ஒவ்வொரு எக்செல் கோப்பிலும் அது ஒட்டிக்கொண்டு வாடிக்கையாளருக்குப் போனது. ஒவ்வொன்றின் காலிலும், அன்றன்றைய தேதியோடு, வைரஸ் எதுவும் இல்லை.

அவர்கள் பக்கத்தில் நல்ல காவல் இருந்தது. பிடித்துவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலையிலிருந்து போகும் எல்லா மெயிலையும் நிறுத்திவிட்டார்கள். லாரி அவர்கள் வாசலில் நின்றது. அவர்களுடைய தர அதிகாரி மூர்த்தி சாருக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் பேசியது எனக்கும் கேட்டது.

"வைரஸ் எங்க வேணா வரும் சார், அது பரவாயில்ல. சர்டிஃபிகேட் குடுத்து அனுப்பிச்சிருக்கீங்களே! அதுவும் டெய்லி புதுத் தேதி போட்டு! மூல காரணம் என்னன்னு எழுத்துல குடுங்க. அதுவரைக்கும் உங்க மெயில் உள்ள வராது."

போனை வைத்ததும் மூர்த்தி சார் கேட்ட முதல் கேள்வி: "தேதி போட்டது யாரு?"

ரேவதியைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றாள். "நீயா தேதி மாத்தினது?" "ஆமா சார்." "தினமுமா?" "ஆமா சார்." அவள் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் ஒட்டிவிட்டு மறந்துபோனதால் அவர்கள் வரி வெறும் வரி. இவள் அக்கறையாகப் பார்த்துக்கொண்டதால் இவளுடையது மோசடி. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பர்சனல் மேனேஜரைக் கூப்பிட்டு, இன்றோடு அவளை நிறுத்திவிடலாம் என்றார். கஸ்டமருக்கும் நடவடிக்கை எடுத்தாயிற்று என்று சொல்லலாம். பலகையில் வாடிக்கையாளருக்கு எழுத வேண்டிய பதிலின் முதல் வரியை அவரே எழுதினார்: ‘டெஸ்பாட்ச் ஊழியரின் தவறு.’

எனக்குள் என்னவோ அறுந்தது. இத்தனை மாத எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சுக்கு வந்தது.

"சார், பிரஸ் ஷாப்ல ஒருத்தன் இப்படி எழுதினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் திரும்பினார்.

"கையாலயே அழிப்பீங்க. ஆளைத் திட்டினா பார்ட் சரியாகுமான்னு கேப்பீங்க. இங்க மட்டும் ஏன் சார் அந்தக் கையி வரல?"

பர்சனல் மேனேஜர் கூரையைப் பார்த்தார். மூர்த்தி சார் கடிகாரத்தைக் கழற்றினார். ‘ஒன் லைன்ல’ வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. மார்க்கரை என் பக்கம் நீட்டி, "அப்ப நீ கேளு. ஒய்-ஒய்" என்றார்.

நான் மார்க்கரை வாங்கவில்லை. கேள்வியை மட்டும் கேட்டேன். அவர் எழுதினார். வைரஸ் ஏன் போச்சு? அவள் கோப்பில் இருந்தது, சோதனையில் பிடிபடவில்லை. ஏன் பிடிபடல? மெயில் காவல் வேலை செய்யவில்லை, இன்னொரு காவலை டெஸ்பாட்சில் நிறுத்தியிருந்தோம். இதை எழுதும்போது அவர் கை கொஞ்சம் நின்றது. நிறுத்தச் சொன்னது யார் என்று இருவருக்கும் தெரியும். மெயில் காவல் ஏன் வேலை செய்யல?

"பூட்டு" என்றார். "அதான் நீ சொல்ற அந்தக் கதை. அது எனக்கு இன்னும் புரியல."

"புரிய வைக்கிறேன் சார், ஒரே லைன்ல. சீல் வச்ச லாரி வருது. சீலை கேட்ல வச்சு நம்ம ஆள் உடைச்சுப் பாக்கணுமா, இல்ல நேரா ஸ்டோர்ஸ்ல போய் உடைக்கணுமா?"

"கேட்லதான்."

"இப்ப நம்மது ஸ்டோர்ஸ்ல உடையுது. டிக்க எடுத்தா கேட்ல உடையும். சீல் வழி முழுக்க அப்படியேதான் இருக்கும்."

அதையும் பலகையில் எழுதினார். "இத்த முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கடிக்கிறேன்.

"வழி தெரிஞ்சும் ஏன் சார் சரி பண்ணல?" என்றேன்.

அவர் எழுதினார்: வரி வந்துவிட்டதால்.

"ஸ்கேன் இல்லாம வரி ஏன் சார் வந்துச்சு?"

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ரேவதி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூர்த்தி சார் அவளைப் பார்த்தார். பிறகு பலகையின் மேலே போய், முதல் வரியை, ‘டெஸ்பாட்ச் ஊழியரின் தவறு’ என்பதை, உள்ளங்கையால் அழித்தார். கீழே வந்து கடைசி ‘ஏன்?’ என்பதற்கு நேராக எழுதினார்: ‘ஜி.எம். பரிசோதனையைக் கேட்கவில்லை, வரியைக் கேட்டார்.’

"இதையே அனுப்பட்டுமா சார்?" என்றார் பர்சனல் மேனேஜர், நம்ப முடியாமல்.

"பின்ன? சும்னே வேற என்ன எழுதறது?" என்றார். "அந்தப் பொண்ண சீட்டுக்குப் போகச் சொல்லு. லாரி நிக்குதில்ல."

மெயில் போகாததால் அந்தப் பதிலை ஃபேக்ஸில்தான் அனுப்பினோம். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார்கள். டெஸ்பாட்சில் நிறுத்தியிருந்த காவலை மறுபடி ஓடவிட்டோம், நத்தையானாலும் பரவாயில்லை என்று. நான் அந்த வாரம் முழுவதும் மேஜை மேஜையாகப் போய் டிக்கை எடுத்தேன். கையெழுத்துப் பகுதியிலிருந்து போலி வரியை அழித்தேன். ஒவ்வொரு மேஜையிலும் "செக்யூர் டிக்க ஏன் மேடம் எடுக்கறீங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு மேஜையிலும் லாரிக் கதையைச் சொன்னேன். பத்தாவது மேஜைக்குப் பிறகு ஃபோர்மேன் தியாகராஜன் என்னைப் பார்த்ததும் "லாரி வந்துடுச்சுடோய்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் எடுத்துவிட்டுப் போன டிக்கை, பாதுகாப்புக்காக என்று மறுபடி அடித்து வைத்தவர்களும் இருந்தார்கள். அடுத்த வருட ஆடிட்டர் அந்தக் கட்டத்தில் டிக் இல்லை என்று ஒரு குறை எழுதிவிட்டுப் போனார். அவருக்கும் லாரிக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டுக் குறையை அப்படியே எழுதினார். தலை எழுத்து.

ரேவதிக்கு நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வந்தது. மூர்த்தி சார் சில வருடங்களில் ஓய்வு பெற்றுப் பெங்களூரோடு இருந்துவிட்டார். ரேவதி ஊருக்குப் போகவே இல்லை. இப்போது டெஸ்பாட்ச் முழுவதும் அவள் பொறுப்பில் இருக்கிறது.

இதை எழுதி முடித்த அன்று மாலை தினேஷின் மெயில் வந்தது. எத்தனை பக்கம், என்றைக்குள் தர வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தான். கீழே அவன் பெயர், பதவி. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், அதே வரி. அந்த ஆன்டிவைரஸை நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. அதன் பெயரோடு, வார்த்தை மாறாமல், ‘இந்த மெயில் பரிசோதிக்கப்பட்டது, வைரஸ் எதுவும் இல்லை.’ தேதி மட்டும் இன்றைய தேதி.

உடனே ரேவதிக்குப் போன் போட்டேன். "ஏம்மா, இத்த யாரு மறுபடியும் ஆரம்பிச்சது?"

"தெரியலக்கா. ஏதோ பழைய மெயில்ல பாத்திருக்கான். நல்லாருக்குன்னு எல்லாருக்கும் போட்டுவிட்டுட்டான்."

"அப்ப தேதி? தினமும் உக்காந்து மாத்தறானா?"

"இல்லக்கா. தானாவே மாறுற மாதிரி ப்ரோக்ராம் எழுதி வச்சிருக்கான்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் அதையே பார்த்தேன். மறுபடி காதில் வைத்தபோது ரேவதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் மெயில்ல மட்டும் கெடையாதுக்கா. போடலாம்னு வந்தான். போடு, ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பலகைகிட்ட வா, நான் அஞ்சு தடவை ஏன்னு கேப்பேன், பதில் எழுதுன்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்னுட்டுப் போயிட்டான்."